எங்க வீட்டுக்காரரை எழுப்பிய மூன்று விதிகள்

நகராததை நகர்த்துவதும் நகர்வதை நிறுத்துவதும்தான் இல்லத்தரசியின் தொழில். இரண்டுக்கும் லீவு கிடையாது. விடிந்தும் எழும்பாத ஆட்கள், திறக்க மறுக்கும் ஊறுகாய் மூடி, இழுத்தாலும் வராத கிரைண்டர் எல்லாம் ஒரு பக்கம். பொங்கி வரும் பால், பையிலிருந்து தப்பி வாசலைத் தாண்டி உருளும் தேங்காய், பேச ஆரம்பித்தால் நிற்காத நாத்தனார் எல்லாம் மறுபக்கம். இதைப் படிக்கிற உங்களுக்கும் இதே பிழைப்புதான் என்பதால் மேற்கொண்டு விளக்கவில்லை.

நான் கான்வென்டில் படித்தவள். இயற்பியல் எடுத்த சிஸ்டர் இயக்க விதிகள் மூன்றையும் எங்கள் மண்டையில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார். கல்யாணமாகி சிவகாசிக்கு வந்து, காலண்டர் அச்சடிக்கிறவருக்குச் சோறு பொங்குகிறவளுக்கு அது எதற்கு என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். இந்த வருடம் மூன்று விதிகளும் விலாசம் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டன.

கயிறு கட்டாத கட்டு

எங்கள் ஊரில் காகிதக் கட்டை வண்டியில் வைத்துக் கயிறு கட்டினால் கௌரவக் குறைச்சல். முழங்காலுக்கு நடுவில் ஒரு கட்டு, பின்னால் கேரியரில் ஒன்றின் மேல் ஒன்றாக மற்றவை. "கயிறு எதுக்கு, வெயிட்டே உக்காந்துக்கிடும்" என்பார் எங்க வீட்டுக்காரர். உட்கார்ந்துகொள்ளும்தான், வண்டி ஓடுகிற வரைக்கும். ஓடுகிற பொருள், யாராவது தடுத்தால் ஒழிய ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பது முதல் விதி. வண்டிக்கு பிரேக் உண்டு. கட்டுக்குக் கிடையாது.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, பள்ளிக்கூட நோட்டுகளுக்கான அட்டைகளை எங்கள் பிரஸ்ஸிலிருந்து பைண்டிங்குக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்தார். வண்டி நின்றது, கட்டுகள் நிற்கவில்லை. பின்னாலிருந்து அவர் முதுகில் மோதி, அவரையும் வண்டியையும் சாய்த்து, கடைசியில் அவர் தொடை மேலேயே இறங்கின. தொடை எலும்பு முறிந்துவிட்டது.

நான் இன்று வரை நன்றியோடு நினைக்கிறது அந்த ஆட்டுக்காரம்மாவைத்தான். ஆட்டை விட்டுவிட்டு ஓடி வந்து, இவர் தலையை மடியில் வைத்து, முந்தானையை விரித்து வெயிலை மறைத்திருக்கிறார். எதிரே வந்த லோடு ஆட்டோவை மறித்து, இவரைப் பதமாக ஏற்றி, தானும் கூட வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர்தான் தேற்றினார்:

"அழுவாதீக தாயி, அண்ணாச்சிக்குக் காலுதான், உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆடும் தப்பிச்சிருச்சு."

கட்டிலே கதி

மதுரையில் ஆபரேஷன் செய்து தொடைக்குள் கம்பி வைத்தார்கள். வைகாசியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடி வருகிறது, இனிமேல் காலை ஊன்ற வேண்டும், தள்ளிப்போட்டால் முழங்கால் இறுகும், தசை வற்றும், பிறகு ஆயுசுக்கும் பிறர் கையைப் பிடித்துத்தான் நடக்க வேண்டி வரும் என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இவர் இரண்டு பாஷையிலும் காது கேட்காதவர் போல ஜன்னலைப் பார்த்தார்.

சும்மா இருக்கிற பொருள், வெளியிலிருந்து ஒரு விசை வராத வரை சும்மாவே இருக்கும். இது அதே முதல் விதியின் இன்னொரு பாதி. ஹாலில் கட்டில், கட்டிலில் இவர், இவர் கையில் செல்போன். அடுப்படியில் நிற்கிற எனக்கு ஹாலிலிருந்து போன் வரும். "மோரு" என்பார், வைத்துவிடுவார். என் ஒரே வாடிக்கையாளர் இப்படி டெலிபோனில் ஆர்டர் போட ஆரம்பித்ததும் என் வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் நன்றாகவே கத்திவிட்டேன். வழக்கமாகக் கோபம் வந்தால் என்னை 'மதர்' என்பார். கான்வென்டில் படித்ததற்கு இந்த வீட்டில் கிடைத்த ஒரே பட்டம் அது. அன்றைக்கு அதுகூடச் சொல்லவில்லை. "எலும்பு முறிஞ்ச சத்தம் ஒனக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. காலைக் கீழ வச்சா அந்தச் சத்தம் திரும்பவும் கேக்கும்னு இருக்கு" என்றார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்குப் போய் மோரை எடுத்து வந்தேன்.

ஆனால் ஆடிப் பதினெட்டு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் காலண்டர்காரர்களுக்கு அடுத்த வருடம் அன்றைக்கே பிறந்துவிடும். பூஜை போட்டு, புது வருடக் காலண்டரின் முதல் தாளை அச்சடிப்பார்கள். பிரஸ் ஆரம்பித்த நாளிலிருந்து மெஷின் முன்னால் நின்று அந்தப் பொத்தானை அமுக்கியது இவர் கைதான். இந்த வருடம் நிற்காவிட்டால் இவர் இனி எப்போதும் நிற்கப் போவதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. சாத்தூரிலிருந்து நஸ்ரின் என்ற பிசியோதெரபிப் பெண்ணை வரச் சொன்னேன். வந்த நாளிலிருந்து தினமும் "இன்னைக்கு நிப்போமா அங்கிள்?" என்று கேட்பாள், இவர் தினமும் "நாளைக்கு" என்பார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"கால் கட்டைப் பிரிச்சாச்சு அங்கிள். பயத்துக்குத்தான் நீங்க இன்னும் கட்டுப் போட்டே வச்சிருக்கீங்க."

சேவு செய்த வேலை

ஒரே விசையைக் கொடுத்தாலும், நிறை கூடக் கூடப் பொருள் நகர்வது குறையும். இரண்டாம் விதி. இதை நான் படித்தது பரீட்சைக்கு, புரிந்துகொண்டது இடுப்பில்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சாத்தூர் சேவு வாங்கி வந்தார்கள். ஏன் சேவு என்று கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் சேவு, கால் முறிவுக்கும் சேவு. போதாததற்கு என் நாத்தனார் பத்மா காரியாபட்டியிலிருந்து வாரம் தவறாமல் நாட்டுக்கோழியோடும் ஆட்டுக்கால் சூப்போடும் பஸ் ஏறி வந்தாள். "எலும்பு கூடணும்ல மதினி" என்பாள். எலும்பு கூடியது ஒரு பங்கு, மற்றதெல்லாம் கூடியது பல பங்கு. வீட்டு வேலைக்கு வருகிற செல்லத்தாயும் நானும் ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்து இவரைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைப்போம். வைகாசியில் ஒரே தூக்கில் நிமிர்ந்தவர் ஆனியில் பாதியிலேயே தங்கினார். எங்கள் கைகள் அதே கைகள்தான்.

சேவு டப்பாக்களைத் தூக்கிப் பரணில் வைத்தேன். பத்மாவிடம் "சூப்பு போதும் தாயே, வந்து இவர் காலைப் பிடித்து நீட்டி மடக்கு" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொள்வாள் என்று பார்த்தால், சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் வலியில் ஏசின ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக் கதையைச் சொல்லிச் சொல்லியே நஸ்ரின் சொன்ன பயிற்சி அத்தனையும் முடித்துவிடுவாள். நிற்காத பேச்சுக்கும் ஒரு பயன் உண்டு என்று இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நன்றி சொன்னேன். இதையெல்லாம் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்லத்தாய்தான் மொத்த வைத்தியத்தையும் ஒரு வரியில் சொன்னாள்:

"யக்கா, அண்ணாச்சிக்கு மேல அம்புட்டும் வளந்திருச்சு, காலு மட்டும் அங்கனயே கெடக்கு."

என் கழுத்தும் ராக்கெட்டும்

ஆனி பாதியில் ஒரு நாள், கோபமோ ரோஷமோ, "சரி, என்னைய எந்திரிச்சு நிக்க வைங்க" என்றார் இவர். நஸ்ரின் வாக்கரை முன்னால் வைத்தாள். இவர் வாக்கரைத் தொடவில்லை. இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் நாலு பேர் முன்னால் இப்படி ஒரு அன்பை நான் கண்டதில்லை. அவர் என் கழுத்தை இழுக்க, என் கழுத்து அவரை இழுக்க, ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர் விசை உண்டு என்ற மூன்றாம் விதிப்படி இரண்டு பேருமே கட்டிலில் விழுந்தோம். செல்லத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நஸ்ரின் சிரிக்கவில்லை. அவள் வாப்பாவுக்கு சாத்தூரில் பட்டாசுக் கடை. ராக்கெட் வைத்துத்தான் இவருக்குப் பாடம் எடுத்தாள். ராக்கெட்டை யாரும் மேலேயிருந்து தூக்குவதில்லை, அது புகையைக் கீழே தள்ளுகிறது, அதனால் மேலே போகிறது. நீங்களும் தரையைக் கீழே தள்ளுங்கள், தரை உங்களை மேலே தள்ளும் என்றாள். சிஸ்டர் கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டுச் சொன்னதை இந்தப் பெண் இவர் உள்ளங்காலைத் தட்டித் தட்டிச் சொன்னாள். இவர் யோசித்தார். வாக்கரைப் பிடித்தார். காலைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். உடம்பு கட்டிலை விட்டு எழும்பியது.

அதற்குள் வாக்கர் வழுக்கியது. எங்கள் ஹாலில் முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்ட கிரானைட் தரை. செல்லத்தாய் அப்போதுதான் துடைத்திருந்தாள். நஸ்ரின் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்ததால் பழையபடி கட்டிலில்தான் உட்கார்ந்தார், அடி எதுவும் இல்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது. வாக்கரைக் காலால், அதுவும் நல்ல காலால், எட்டித் தள்ளினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அன்னைக்கு ரோடு கவுத்துச்சு, இன்னைக்கு வீடே கவுக்குது. என்னைய விட்டுரு."

ரப்பர் ரோடு

அப்புறம் நாலைந்து நாள் அவர் காலைக் கீழே தொங்கவிடக்கூட இல்லை. நான் திட்டினேன். கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாததால் அதுவும் திட்டு மாதிரியே இருந்திருக்கும்.

பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிற முத்துப்பாண்டி ஒரு நாள் மாலை தோளில் பெரிய சுருளோடு வந்தார். அச்சு மெஷினில் உருளையின் மேல் போர்த்துகிற ரப்பர் போர்வை, பிளாங்கெட் என்பார்கள். மை ஒழுங்காக ஏறாமல் போனால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவார்கள். கழற்றினவற்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஆரம்பித்து, ஹால் வழியாக வாசற்படி வரைக்கும் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி விரித்து, ஓரமெல்லாம் தரையோடு டேப் ஒட்டினார். வெறுங்காலால் மிதித்து, தேய்த்து, குதித்துக் காட்டினார். ஒரு இம்மி நகரவில்லை. உராய்வு என்ற ஒன்று இல்லாவிட்டால் உலகத்தில் ஒருவரும் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தேன், கிரானைட்டைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவர் கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "ஏலே, இது லெச்சுமி காலண்டர் ஓட்டுனதுல்ல? மூலையில வெட்டு இருக்கு பாரு" என்றார். ஆமாம் என்றார் முத்துப்பாண்டி. "அந்தா அது?" "அது முருகன், அண்ணாச்சி." "தள்ளி இருக்கிறது?" "இங்கேயிருந்து பாத்தா தெரியாது அண்ணாச்சி, கிட்ட வந்து பாருங்க." கிட்டே போவதற்காக இவர் காலைக் கீழே இறக்கினார். அடியில் ரப்பர் பிடித்துக்கொண்டது. தரையை அழுத்தினார், தரை தூக்கிவிட்டது. நின்றார். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நான் மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும். வாக்கரை நகர்த்தி முருகன் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினார். முத்துப்பாண்டிக்கு நன்றி சொல்லப் போனேன், அவர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"நமக்கு எதுக்குக்கா நன்றி. அண்ணாச்சி இல்லாம பிரஸ்ஸுல ஆளாளுக்கு மொதலாளியா இருக்கானுக, தாங்க முடியல."

சப்பரம்

ஆடி பிறந்தது. வாக்கரோடு ஹாலை அளந்துகொண்டிருந்தார் இவர். ஆனால் பிரஸ் வாசலில் படிகள் உண்டு. வாசற்படிக்கு வந்ததும் அவர் கால் அங்கேயே நின்றுவிடும். நஸ்ரின் எங்கள் வீட்டு முன்படியில் பழக்கினாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒரு நாள் ஏறுவார், இரண்டு நாள் மாட்டேன் என்பார்.

பதினெட்டுக்கு முந்தின நாள், முத்துப்பாண்டியும் பிரஸ் ஆட்களும் ஒரு நாற்காலியோடு வந்தார்கள். வார்னிஷ் பூசி, இரண்டு பக்கமும் கம்பு கட்டி, பின்னால் ஜரிகைக் காகிதம்கூட ஒட்டியிருந்தார்கள். சாமி சப்பரம் மாதிரி இவரை அதில் உட்கார வைத்து, படியேற்றி, மெஷின் முன்னால் இறக்கிவிடுவார்களாம். இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவர்கள் முகத்தில் அதைவிட. அத்தனை பேர் பிரியத்தையும் ஒரே வார்த்தையில் உடைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. "வேண்டாம்" என்றேன். "தூக்கிட்டுப் போனா நாளைக்கும் தூக்கணும், அடுத்த வருசமும் தூக்கணும். சப்பரத்துல சாமி போகட்டும். இவர் நடந்து போவார்."

ஒரு வார்த்தை சொன்னால் சமமான எதிர் வார்த்தை வரும், எதிர்த் திசையில் வரும். "மதர் உத்தரவு போட்டுட்டாங்க, எல்லாரும் கலைஞ்சு போங்கப்பா" என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நாளைக்கு நடக்காவிட்டால் அந்தப் பழி முழுக்க என் மேல். முத்துப்பாண்டி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், குனிந்து கம்புகளை அவிழ்க்க ஆரம்பித்தார்:

"சரிக்கா. சேரை மெஷினுக்குப் பக்கத்துலயே போட்டு வைக்கேன். அண்ணாச்சி நடந்து வந்து ஒக்காரட்டும்."

பதினெட்டாம் நாள்

ஆட்டோவில் போய் இறங்கினோம். பிரஸ் வாசலில் மாவிலை, சந்தனம், உள்ளே அத்தனை ஆட்களும். நஸ்ரின் தன் லீவு நாளை விட்டுவிட்டு வந்து நின்றாள், பத்மா காரியாபட்டியிலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். படிக்கட்டில் முத்துப்பாண்டி ரப்பர் ஒட்டி வைத்திருந்தார். இவர் ஒரு கையில், வாக்கருக்குப் பதிலாக நஸ்ரின் கொடுத்த ஊன்றுகம்பு, மறுகையில் கைப்பிடிக் கம்பி. நல்ல கால் ஏறியது. மற்ற காலும் வந்து சேர்ந்தது. அடுத்த படியிலும் அப்படியே. நடுவில் நின்றுவிட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நல்ல நேரம் முடியப் போகிறது. பொறுமை என்ற சரக்கு என்னிடம் எப்போதும் ஸ்டாக் இருந்ததில்லை. "ம், சீக்கிரம் வாங்க" என்று வாய் தவறி வந்துவிட்டது. இவர் திரும்பினார். அச்சு மெஷினை எடுத்த எடுப்பில் ஓட விடமாட்டார்கள். பொத்தானைத் தொட்டுத் தொட்டு விட்டு உருளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வைப்பார்கள், அதற்கு இஞ்ச் பண்ணுவது என்று பேர். "மெஷினையே இஞ்ச் பண்ணி இஞ்ச் பண்ணித்தான் ஓட விடுறோம். என்னைய மட்டும் எடுத்த எடுப்புல ஃபுல் ஸ்பீடுல போடுறியே. பொறு மதர்" என்றார். பிரஸ்ஸே சிரித்தது. விழுந்த நாளிலிருந்து கோபமில்லாமல் அவர் வாயில் வந்த முதல் கிண்டல் அது. சிரித்த வேகத்திலேயே மிச்சப் படிகளையும் ஏறிவிட்டார்.

மெஷின் முன்னால் போய்க் கம்பைச் சாய்த்து வைத்தார். இரண்டு காலையும் ஊன்றி நின்று பொத்தானைத் தொட்டார். உருளைகள் முனகின, சுற்றின, வேகம் பிடித்தன. முதல் தாள் வந்து விழுந்தது, மயிலோடு முருகன். நாற்காலி காலியாகவே கிடந்தது. அதில் உட்கார்ந்தது நான்தான். பத்மா கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் இவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் தாளை எடுத்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, வழக்கம்போல் புருவத்தைச் சுருக்கினார்:

"முத்துப்பாண்டி, மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்குலே. கொற."

அந்த முருகன் காலண்டரில் ஒன்று ஆட்டுக்காரம்மா வீட்டுக்கும் இன்னொன்று நஸ்ரின் வாப்பா கடைக்கும் போய்விட்டன. ஹாலில் ரப்பர் ரோடு இன்னும் கிடக்கிறது, கிரானைட்டுக்கு அழகில்லை என்று பத்மா சொல்கிறாள், நான் எடுப்பதாக இல்லை. இவர் இப்போது கட்டுகளைக் கயிறு கட்டித்தான் அனுப்புகிறார். சீசன் என்பதால் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார். ஓடுகிற பொருள் தானாக நிற்காது என்பதை, ஆறிப்போன மதியச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து, "இந்தா கிளம்பிட்டேன்" என்று போனில் அவர் சொல்வதை நம்பாமல் கேட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லியபடி திரும்பவும் படித்துக்கொண்டிருக்கிறேன்.